நாலு வயல் தள்ளி

அப்பாவுக்குச் சதாபிஷேகம் நடந்தது 2016இல். கலசத் தண்ணீரைத் தலையில் ஊற்றுவதற்கு முன்னால், காதிலிருந்த மெஷினைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். நனைந்தால் கெட்டுவிடும், சரி என்று வாங்கி வைத்துக்கொண்டேன். அபிஷேகம் முடிந்தது. தலை துவட்டி, புது வேட்டி கட்டி, அம்மாவுக்கு மறுபடி ஒரு தாலி கட்டி, அபிராமி சன்னதியில் அர்ச்சனை முடித்து, வெளியே மண்டபத்துக்கு வந்து உட்கார்ந்தாயிற்று. மெஷினை நீட்டினேன். வேண்டாம் என்று கையசைத்தார்.

மேடைக்கு இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்குப் பெட்டிகள் நின்றன. மெல்லிசைக் கச்சேரி நடந்துகொண்டிருந்தது. அவரைப் பார்க்கவென்றே வந்தவர்கள், கூடப் படித்தவர்கள் மூன்று பேர் உள்பட, ஒவ்வொருவராக வந்து குனிந்து அவர் காதருகே ஏதோ சொன்னார்கள். எல்லோருக்கும் ஒரே சிரிப்பு, ஒரே தலையாட்டல். யார் சொன்னதும் அவருக்கு விழவில்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்து, கொல்லைப் பக்கம் கட்டில் போட்டு உட்கார்ந்த பிறகுதான் மெஷினைக் கேட்டு வாங்கி மாட்டிக்கொண்டார். "இப்பச் சொல்லு. யார் யாரு வந்தாங்க, என்ன சொன்னாங்க?" என்றார்.

அந்தப் பெட்டிகளுக்கு முன்பணம் கொடுத்தவன் நான். நல்ல செட்டாக இருக்கவேண்டும், சத்தம் கணீரென்று வரவேண்டும் என்று சொன்னவனும் நான்தான். ஒலிபெருக்கியோடு சின்ன வயதிலிருந்தே பழகியவன். அது தருகிற இன்பமும் தெரியும், செய்கிற கெடுதலும் தெரியும். தெரிந்தும் அன்றைக்கு அப்படிச் செய்தேன்.

1976இல் எனக்குப் பன்னிரண்டு வயது. எங்கள் பக்கத்தில் ரேடியோ செட்டு வைத்திருந்தவரை நாங்கள் செட்டு அண்ணன் என்று கூப்பிடுவோம். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, தீமிதி, கட்சிக் கூட்டம், எதுவென்றாலும் அவர் வரவேண்டும். ஒரு அஹுஜா ஆம்ப்ளிபயர், ஒரு ரெக்கார்டு பிளேயர், தகரப் பெட்டி நிறையத் தட்டுகள், இரண்டு குழாய்கள், ஒரு மூட்டை ஒயர். அவ்வளவுதான் அவர் சொத்து. ஊமத்தம்பூ மாதிரி வாய் விரிந்த அந்தக் கூம்புகளை நாங்கள் குழாய் என்றுதான் சொல்வோம். பின்னால் திருகியிருக்கும் உருண்டைக்கு யூனிட் என்று பெயர். யூனிட் எரிந்துபோனால் மாயவரம் போகவேண்டும். மாயவரத்துக்கும் தரங்கம்பாடிக்கும் நடுவே அப்போது மீட்டர்கேஜ் ரயில் ஓடியது. 1986இல் அதை நிறுத்தும்வரை எங்கள் ஊரான திருக்கடையூரில் ஸ்டேஷன் இருந்தது. யூனிட்டைத் துண்டில் முடிந்துகொண்டு காலை ரயிலில் போகிற செட்டு அண்ணன், சாயங்கால ரயிலில் திரும்புவார். இறங்கும்போதே முகத்தைப் பார்த்தால் ராத்திரி பாட்டு உண்டா இல்லையா என்று தெரிந்துவிடும்.

தென்னை மரம் ஏறிக் குழாய் கட்டுவது என் வேலை. கூலி கிடையாது. பந்தியில் உட்காரலாம், தட்டைத் துணியால் துடைத்து எடுத்துக் கொடுக்கலாம். முதல் தட்டு எப்போதும் சீர்காழி கோவிந்தராஜன் பாடிய விநாயகர் பாட்டு. ஆடி மாதம் வந்துவிட்டால் எல்.ஆர். ஈஸ்வரியின் மாரியம்மன் பாட்டுகள். 1971இல் வந்த 'ஆதிபராசக்தி' படத்தில் அபிராமி பட்டருக்காக டி.எம். சௌந்தரராஜன் பாடிய பாட்டை எங்கள் ஊரில் யாரும் சினிமாப் பாட்டாக நினைக்கவில்லை. அது எங்கள் ஊர்க் கதை. அந்தத் தட்டு தேய்ந்து முள் தாவும். தாவுகிற இடம்கூட எல்லோருக்கும் மனப்பாடம்.

செட்டு அண்ணனுக்குக் காற்றுக் கணக்கு அத்துப்படி. கொண்டல் அடித்தால் ஒரு குழாயை மேற்கே ஆக்கூர் ரோட்டைப் பார்க்கத் திருப்புவார். மேல்காற்று என்றால், "இன்னைக்கு நம்ம பாட்டெல்லாம் கடலுக்குத்தாண்டா" என்பார். பக்கத்து ஊரில் அதே நாளில் திருவிழா வந்துவிட்டால் யார் குழாய் யார் எல்லைக்குள் கேட்கிறது என்று போட்டியாகிவிடும். அப்போது எங்களுக்குப் பாட்டு முக்கியமில்லை. எவ்வளவு தூரம் போகிறது என்பதுதான் பேச்சு. சைக்கிளை எடுத்துக்கொண்டு பிள்ளைப்பெருமாநல்லூர் பக்கம்வரை போய், நின்று கேட்டு, "இங்க வரைக்கும் வருதுண்ணே" என்று திரும்பி வந்து சொல்வேன். அன்று நான் அடைந்த பெருமை சின்னது இல்லை.

அவர் எனக்குச் சொல்லித்தந்த பாடம் இரண்டு. குழாய் வாய்க்கு நேரே நிற்கக் கூடாது. வால்யூமைத் திருகும்போது பிசிறு தட்டுகிற இடம் ஒன்று வரும், அங்கிருந்து ஒரு நூல் பின்னால் வந்து நிறுத்திவிட வேண்டும். இரண்டையும் அவரால் காப்பாற்ற முடிந்ததில்லை. விசேஷ வீட்டுக்காரர் வந்து, "என்னப்பா, சத்தமே பத்தலையே" என்பார். அண்ணன் பேசாமல் திருகுவார். பிசிறு அப்படியே நிற்கும்.

அப்பா விவசாயி. வீட்டில் அவர் கேட்டது திருச்சி வானொலியும் இலங்கை வானொலியும். அதையும் திண்ணையில் இருப்பவர்களுக்கு மட்டும் கேட்கிற அளவில் வைப்பார். எங்கள் தெருவில் குழாய் கட்டிவிட்டால், மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வயல் பக்கம் கிளம்பிவிடுவார். ராத்திரி என்றாலும் டார்ச் லைட்டோடு போவார். ஒருநாள் நான் கேட்டேன், "பாட்டுப் பிடிக்கலையாப்பா?" என்று. "பாட்டு நல்லாத்தாண்டா இருக்கு. நாலு வயல் தள்ளிக் கேக்கணும்" என்றார். பிடிக்கவில்லை என்பதைத்தான் பதவிசாகச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். நாற்பது வருஷம் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் மார்கழி விடியலில் எனக்கும் அதே அனுபவம் இருந்தது. அதை நான் அவர் சொன்னதோடு சேர்த்துப் பார்க்கவில்லை. நாலரை மணிக்குக் கிழக்கே எங்கோ ஒரு கோயிலில் பாட்டுப் போடுவார்கள். கதிர் வாங்கி நிற்கிற சம்பா வயல்களைத் தாண்டி, பனியோடு சேர்ந்து அது வரும். வார்த்தை பாதி புரியாது. சீர்காழியின் குரல் மட்டும் உருண்டு உருண்டு வரும். போர்வைக்குள் படுத்துக்கொண்டு கேட்கிற அந்தப் பாட்டுக்கு ஈடாக இன்றுவரை நான் ஒன்றும் கேட்டதில்லை. அதே குழாயை, அதே தட்டை, மரத்தடியில் நின்று கேட்டால் காதைக் குடையும்.

அந்த வித்தியாசத்துக்குக் காரணம் காற்று. வெட்டவெளியில் தூரம் இரட்டிப்பாகும்போதெல்லாம் ஒலி சுமார் 6 டெசிபல் இறங்குகிறது. அது எல்லா ஒலிக்கும் பொது. அதற்கும் மேலே, காற்று ஒலியைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சவும் செய்கிறது. அந்த உறிஞ்சல் மேல் ஸ்தாயியில்தான் கடுமை. 20 டிகிரி வெப்பமும் 70 சதவீத ஈரப்பதமும் உள்ள காற்றில் 1 கிலோமீட்டர் கடப்பதற்குள், வினாடிக்கு 500 அதிர்வுள்ள ஒலி 3 டெசிபலுக்குள்தான் இழக்கிறது. 4,000 அதிர்வுள்ளது 23 டெசிபல் இழக்கிறது. 8,000 என்றால் 77 போய்விடுகிறது. பிசிறும் சீறலும் வழியிலேயே உதிர்ந்து, குரலின் சதைப்பற்று மட்டும் நம்மிடம் வந்து சேர்கிறது. மார்கழி விடியலில் தரை குளிர்ந்து, அதற்கு மேலுள்ள காற்று சற்று வெதுவெதுப்பாக இருக்கும். அப்போது ஒலி மேலே ஓடிப்போகாமல் தரைப் பக்கமே வளைந்து வரும். நாங்கள் குழாயைக் கேட்டு மயங்கினோம் என்பது சரியில்லை. குழாய்க்கும் எங்களுக்கும் நடுவே கிடந்த வயல்கள் வடிகட்டிக் கொடுத்ததைத்தான் கேட்டோம்.

படிப்புக்காக 1982இல் சென்னைக்குப் போனேன். அறை நண்பன் வீட்டில் மரப்பெட்டி ஸ்பீக்கர் வைத்த ஸ்டீரியோ இருந்தது. அதில் சீர்காழியின் தட்டு ஒன்றைப் போட்டான். எனக்குப் பிடிக்கவே இல்லை. குரல் கனத்து, அடியில் எதுவோ தும் தும் என்று இடித்துக்கொண்டிருந்தது. மூன்றாம் தடவை கேட்கும்போதுதான் அது மிருதங்கத்தின் தொப்பி என்று புரிந்தது. குழாய்க்குக் கீழ் ஸ்தாயி வராது. சில நூறு அதிர்வுகளுக்குக் கீழே உள்ளதெல்லாம் அதில் செத்துவிடும். வலந்தலையின் சொல் மட்டும் கணீரென்று விழும். அத்தனை வருஷமும் ஒற்றைக் கை மிருதங்கத்தைக் கேட்டிருக்கிறேன். அதுவே முழு மிருதங்கம் என்று என் காது முடிவு கட்டியிருந்தது. விருப்பம் என்று நாம் சொல்வதில் பாதி பழக்கம். முதல் பத்துப் பதினைந்து வருஷம் எதைக் கேட்டோமோ அதுதான் சரியான சத்தம் என்று காது நம்பிவிடுகிறது.

பிறகு என் ருசி மாறியது. வேலைக்குப் போய் முதலில் வாங்கியது ஒரு டேப்ரிக்கார்டர். அதில் லவுட்னஸ் என்று ஒரு பொத்தான். அதன் பயனும் பின்னால்தான் புரிந்தது. சத்தத்தைக் குறைக்கக் குறைக்க, காதுக்குக் கீழ் ஸ்தாயி மற்றவற்றைவிடச் சீக்கிரம் மறைந்துபோகிறது. 1933இல் ஃப்ளெட்சர், மன்சன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் இதை வளைகோடுகளாக வரைந்து காட்டினார்கள். மெல்லக் கேட்கும்போது இசை சப்பென்று தோன்றுவது அதனால்தான். குறைந்த சத்தத்தில் போன அடிக்கட்டையை எடுத்துக் கொடுக்கத்தான் அந்தப் பொத்தான். அதைப் போட்டுக்கொண்டு ராத்திரி பத்து மணிக்குமேல், பக்கத்து அறைக்குக் கேட்காத அளவில் பாட்டுக் கேட்பது எனக்குப் பெரிய சுகமாகிவிட்டது. அப்பாவின் திண்ணை வானொலி இருந்த அதே இடத்துக்கு நானும் வந்து சேர்ந்திருந்தேன்.

பிசிறைப் பற்றியும் சொல்லவேண்டும். ஆம்ப்ளிபயருக்கு ஒரு கொள்ளளவு உண்டு. அதற்குமேல் கேட்டால் ஒலி அலையின் தலையை அது சீவிவிடுகிறது. உருண்டையான அலை தட்டையாக வெட்டுப்படும்போது மூலப் பாட்டில் இல்லாத புது ஒலிகள் பிறக்கின்றன. 1,000 அதிர்வுள்ள ஸ்வரம் ஒன்று வெட்டுப்பட்டால் 3,000, 5,000 என்று மேலே மேலே முளைக்கும். மனிதக் காதுக்குள் போகிற துளை சுமார் இரண்டரை சென்டிமீட்டர் நீளம். ஒரு பக்கம் மூடிய அந்தச் சின்னக் குழல் 3,000 அதிர்வை ஒட்டிய ஒலிகளைத் தானாகவே பெருக்கிக்கொள்ளும். நம் காது மிகவும் கூர்மையாக இருக்கிற இடத்திலேயே பிசிறு போய் விழுகிறது. சத்தம் என்ற கணக்கில் அது கொஞ்சம்தான் கூடியிருக்கும். வலி என்ற கணக்கில் பல மடங்கு.

நம் சட்டம் இதைப் பேசுவதில்லை. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என்று வரம்பு வைக்கின்றன. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது என்பதும் அந்த விதிகளில் இருக்கிறது. பிறர் சத்தத்திலிருந்து விடுபட்டிருப்பதும் வாழும் உரிமையின் ஒரு பகுதி என்று 2005இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. எல்லாம் நல்லவை, அவசியமானவை. ஆனால் ஒரே 75 டெசிபல், சுத்தமான பெட்டியிலிருந்து வருவது வேறு, பிசிறடிக்கிற குழாயிலிருந்து வருவது வேறு. அந்த வேற்றுமையைக் காதுதான் கண்டுபிடிக்கவேண்டும். அதை எழுத எந்தப் படிவத்திலும் இடமில்லை.

சத்தமே கூடாது என்று சொல்கிற ஆள் நான் இல்லை. சத்தத்துக்குப் பேர்போன நாட்டில் பிறந்தவன். நாயனமும் தவிலும் தெருவுக்கென்றே, தேருக்கென்றே உண்டானவை. ரக்தி மேளத்துக்குப் புகழ்பெற்ற செம்பனார்கோயில் நாங்கள் மாயவரம் போகிற வழியிலேயே இருக்கிறது. நாயனத்திலும் ஒரு காலத்தில் இந்தக் கூர்மைப் பிரச்சினை இருந்தது. பழைய திமிரி நாயனம் குட்டை, சுருதி ஏற்றம். வெட்டவெளியில் வெகுதூரம் போகும். சபா மேடைக்கு அது காரம். திருவாவடுதுறை டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் காலத்தில், ஆடுதுறைக்குப் பக்கத்து நரசிங்கம்பேட்டையில் ரங்கநாதன் ஆசாரி ஆச்சா மரத்தில் கடைந்து கொடுத்த பாரி நாயனம் நீளம் கூடியது, சுருதி இறங்கியது. ஒலி தடித்தது, கூர் மழுங்கியது. ராஜரத்தினம் பிள்ளையின் தோடி நம் நினைவில் நிற்கிற குரல் அந்த நீள மரத்தின் குரல். 2022இல் நரசிங்கம்பேட்டை நாயனத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது எனக்கு அந்தப் பட்டறைதான் நினைவுக்கு வந்தது. காது வலித்தால் கருவியைத் திருத்தவேண்டும் என்று நம் ஆட்களுக்குத் தெரிந்திருந்தது. இன்னொன்றும் உண்டு. நாயனத்தின் சத்தத்துக்கு மூச்சு என்று ஒரு எல்லை இருக்கிறது. வாசிப்பவரும் மனிதர். இருபது நிமிஷம் வாசித்தால் சீவாளியை எடுத்துத் துடைத்துச் சற்று ஓய்ந்துதான் ஆகவேண்டும். ஒலிபெருக்கிக்கு அந்த ஓய்வு கிடையாது.

இன்றைய திருக்கடையூரை வெளியூர்க்காரர்கள் என்னைவிட நன்றாக அறிவார்கள். மார்க்கண்டேயனுக்காக எமனை உதைத்த காலசம்ஹார மூர்த்தியின் ஊர் என்பதால், 60 வயதுக்குச் சஷ்டியப்த பூர்த்தி, 70க்குப் பீமரத சாந்தி, 80க்குச் சதாபிஷேகம் என்று ஆயுளுக்கு நன்றி சொல்லத் தினமும் வந்துகொண்டே இருக்கிறார்கள். முகூர்த்த நாளில் பிரகாரம் முழுவதும் கலசங்கள், ஓமப் புகை, பட்டுப் புடவை, பேரப்பிள்ளைகள். பத்தடிக்கு ஒரு ஜோடி, ஜோடிக்கு ஒரு மேளம். ஒருவருக்குக் கெட்டிமேளம் கொட்டும்போது பக்கத்தில் இன்னொருவருக்குச் சங்கல்பம் நடக்கும். அந்த இரைச்சலை நான் குறை சொல்லமாட்டேன், அதில் ஒரு சந்தோஷம் இருக்கிறது. கோயிலை விட்டு மண்டபத்துக்கு வந்த பிறகுதான் என் வருத்தம் தொடங்குகிறது. நான்கு சுவருக்குள், இருநூறு பேருக்கு, தேர் வீதிக்குப் போதுமான சத்தம். நாயனத்துக்கும் ஒரு மைக், தவிலுக்கும் ஒரு மைக்.

யோசித்துப் பாருங்கள். தமிழ்நாட்டிலேயே வயதான காதுகள் தினந்தோறும் இத்தனை எண்ணிக்கையில் வந்து கூடுகிற ஊர் வேறு இருக்குமா என்று எனக்குச் சந்தேகம். விசேஷம் யாருக்கோ அவருக்கே 60, 70, 80. வாழ்த்த வருகிற அண்ணன், அக்கா, நாத்தனார், பள்ளித் தோழர் எல்லோரும் அதே வயது. வயதான காதுக்கு என்ன நேர்கிறது என்பதை அப்பாவின் மெஷினுக்காக மருத்துவரிடம் போனபோதுதான் தெரிந்துகொண்டேன். முதலில் மேல் ஸ்தாயி போகிறது. சொல்லின் உயிரெழுத்து காதில் விழும், மெய்யெழுத்து விழாது. பாட்டு, காட்டு, சாட்டு மூன்றும் ஒன்றுபோல் கேட்கும். மெல்லிய ஒலிகளைத் தூக்கிக் கொடுக்கிற நுண்ணிய முடிச் செல்கள் உள்காதில் அழிந்துபோவதால் வருகிற வினை இது. இதில் விசித்திரம் என்னவென்றால், மெல்லிய சத்தம் கேட்காதவருக்குப் பெரிய சத்தம் நமக்குக் கேட்கிற அதே வீச்சில்தான் கேட்கிறது. கேட்கத் தொடங்குகிற இடத்துக்கும் வலிக்கத் தொடங்குகிற இடத்துக்கும் நடுவே நமக்கு ஒரு பெரிய மைதானம் இருக்கிறது. அவர்களுக்கு அது ஒரு வரப்பு அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. "தாத்தாவுக்குக் காது கேக்காது, சத்தமா வைங்க" என்று நாம் அன்போடு சொல்வது அவரைத் துன்புறுத்துகிறது.

செட்டு அண்ணனுக்கு ஐம்பது வயதுக்குள்ளேயே காது மந்தமாகிவிட்டது. தொடர்ந்த பெருஞ்சத்தம் கெடுக்கிற காதில் முதல் பள்ளம் பெரும்பாலும் 4,000 அதிர்வை ஒட்டித்தான் விழும். வயலில் கத்துகிற சுவர்க்கோழியின் குரல் அநேகமாக அந்த அளவில்தான் இருக்கிறது. ஒரு ஐப்பசி இரவில் அவரும் நானும் வாய்க்கால் மதகில் உட்கார்ந்திருந்தோம். "இப்பல்லாம் பூச்சி கத்துறதே இல்லைடா, மருந்து அடிச்சு அடிச்சு எல்லாம் செத்துப்போச்சு" என்றார். சுற்றிலும் சுவர்க்கோழி காது கிழியக் கத்திக்கொண்டிருந்தது. நான் ஆமாம் என்று சொல்லிவிட்டேன். 85 டெசிபல் என்றால் நாளுக்கு 8 மணி நேரம், அதற்குமேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் அந்த நேரம் பாதியாகும், 100 டெசிபலுக்கு 15 நிமிஷம்தான் என்ற வேலையிடக் கணக்கு ஒன்று இருக்கிறது. அதை அவருக்கு அந்தக் காலத்தில் சொல்ல யாரும் இல்லை.

2024இல் எனக்கு அறுபது வந்தது. ஏற்பாட்டுக்காக மண்டபம் பார்க்கப் போனபோது, அங்கே ஒரு விசேஷத்துக்குப் பெட்டி இறக்கிக்கொண்டிருந்த பையனிடம் பேச்சுக் கொடுத்தேன். இருபத்தைந்து வயது இருக்கும். இரண்டு காதிலும் பஞ்சு.

"ஏன் தம்பி, இவ்வளவு சத்தம் வேணுமா இந்த ஹாலுக்கு?"

"வேணாம் சார். பாதி வச்சாலே போதும். நல்ல பெட்டி சார் இது, குறைச்சு வச்சாத்தான் அழகாக் கேக்கும். ஆனா குறைச்சா பார்ட்டி கோவிச்சுக்குது. செட்டு சரியில்லைன்னு அடுத்த தடவை வேற ஆளைக் கூப்பிட்டுடுறாங்க."

செட்டு அண்ணனிடம் நான் பார்த்த அதே நெருக்கடி. குழாய் போய்ப் பெட்டி வந்தது, முள் போய்ப் பென் டிரைவ் வந்தது. பிசிறு பெருமளவு குறைந்திருக்கிறது, தொப்பியின் நாதம் முழுசாகக் கேட்கிறது. கருவி எவ்வளவோ மேலானது. சத்தம் பத்தலை என்று சொல்கிற வீட்டுக்காரர் மட்டும் மாறவில்லை. எட்டு வருஷத்துக்கு முன்னால் அப்படிச் சொன்னவன் நான் என்பதால் அந்தப் பையனிடம் மேற்கொண்டு பேச எனக்கு வாய் வரவில்லை.

என் அறுபதுக்குச் செட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஒரு நாயனம், ஒரு தவில், தாளம், சுருதிப் பெட்டி. மைக் கிடையாது. சம்பந்தி வீட்டில் முதலில் முகம் சுளித்தார்கள். மண்டபத்தில் சாப்பாட்டு நேரத்தில் இலை போடுகிற சத்தமும் குழந்தைகள் ஓடுகிற சத்தமும் பேச்சும் சிரிப்புமாக இருந்தது. பெரியவர்களை ஜன்னல் ஓரமாக, சின்னச் சின்ன வட்டமாக உட்கார வைத்தோம். அப்பா 2019இல் போய்விட்டார். 2016இல் அவரைப் பார்க்க வந்திருந்த மூன்று பள்ளித் தோழர்களில் மிஞ்சியிருந்த ஒருவர் பேரனின் கையைப் பிடித்துக்கொண்டு வந்திருந்தார். 88 வயது. என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார்.

"உங்கப்பன் இருந்தா இன்னைக்குச் சந்தோஷப்பட்டிருப்பான். அவனுக்குப் பாட்டுன்னா உசிரு. குழாய் கட்டிட்டா எங்க ரெண்டு பேருக்கும் வயக்காட்டுலதான் கச்சேரி. பத்து மணி வரைக்கும் களத்து மேட்டுல உக்காந்து கேப்போம். எந்தத் தூரத்துல கேட்டா சீர்காழி நல்லா இருப்பாருன்னு அவனுக்கு ஒரு இடம் உண்டு, அங்கதான் உக்காருவான். அன்னைக்கு எம்பது கல்யாணத்துல இதைத்தான் அவன்கிட்ட ஞாபகப்படுத்தினேன். சிரிச்சான்."

அப்பாவுக்கு அது கேட்டிருக்காது என்று அவரிடம் நான் சொல்லவில்லை.

திருக்கடையூருக்கு அறுபதோ எழுபதோ எண்பதோ கொண்டாட வருகிறவர்களை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பாட்டு வையுங்கள், நாயனம் வையுங்கள், நன்றாகவே வையுங்கள். செட்டுக்காரத் தம்பியிடம் முதலிலேயே போய், குறைத்து வைத்தாலும் முழுக் காசு தருகிறோம் என்று சொல்லிவிடுங்கள். அவருக்கும் அது நிம்மதி. மண்டபங்களில் பெரியவர்களை மரியாதைக்காக முதல் வரிசையில்தான் உட்கார வைக்கிறோம், பெட்டியும் அங்கேதான் நிற்கிறது. பெரியவர்களை நகர்த்த வேண்டாம், பெட்டியை நகர்த்துங்கள்.